கூட்டிப் போட்ட விலை

நான் ஐந்தாவதைத் தாண்டாதவன். சைக்கிள் கேரியரில் முந்திரிப் பருப்பு மூட்டையைக் கட்டி, ஆண்டிமடத்திலிருந்து அரியலூர் வரை மிதித்து மிதித்தே கடை வைத்தேன், மாடி வீடு கட்டினேன். எனக்கு யாரும் வியாபாரம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் போன தீபாவளிக்கு வெப்சைட் என்னைப் படுத்திய பாட்டைச் சொல்லியே ஆகவேண்டும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

பண்டிகையை நம்பி வழக்கத்தைவிட அதிகமாகப் பருப்பு உடைத்து டின்களில் அடைத்திருந்தேன். தீபாவளி தாண்டினால் கேட்க ஆளிருக்காது, கிடந்து கிடந்து சிக்கு வாடை தட்டிவிடும். கடைக்கு வருகிறவர்களை மட்டும் வைத்து அவ்வளவும் தீராது என்று, மருமகள் பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர்காரரைப் பிடித்து வெப்சைட் போட்டாள். போட்டோவெல்லாம் அவளே எடுத்தாள், நன்றாகத்தான் இருந்தது. விலை போடுவது மட்டும் என் வேலை என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் கடையில் சொன்ன விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள். நான் கூட்டிச் சொல்லவேண்டும், அவர்கள் அடித்துக் கேட்கவேண்டும், நான் நெஞ்சில் கைவைத்து "கட்டாதுங்க" என்று சொல்லவேண்டும். நடுவில் ஓரிடத்தில் முடித்து, ஒரு பிடி கொசுறு போட்டால்தான் சிரித்துக்கொண்டு போவார்கள். அதே கணக்கில் வெப்சைட்டிலும் கூட்டியே போட்டேன்.

"மாமா, இதுல யாரும் பேரம் பேச மாட்டாங்க. முடியற விலையையே போட்ருங்க" என்றாள் மருமகள்.

"பேசாம எப்படிம்மா வாங்குவான்? போன் நம்பர் போட்ருக்குல்ல, கூப்புடுவான் பாரு."

ஒருவனும் கூப்பிடவில்லை. வந்து பார்த்தார்கள், கூடையில் போட்டார்கள், அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மருமகள் செல்போனில் அதைக் காட்டும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடையில் ஒருவர் எழுந்துபோனால், "அட வாங்க, என்ன குடுப்பீங்க, சொல்லுங்க" என்று ரோடு வரைக்கும் போய்த் திருப்பிக் கூட்டிவருவேன். இங்கே போகிறவன் முகமே தெரியவில்லை, யாரைக் கூப்பிடுவது?

தீபாவளி நெருங்கிவிட்டது. டின்கள் அடுக்கு குலையாமல் நின்றன. ஒன்றைத் திறந்து மோந்து பார்த்தேன். இன்னும் கெடவில்லை, அவ்வளவுதான். "என்னமோ பண்ணித் தொலை" என்று மருமகளிடம் முடிகிற விலையைச் சொன்னேன். பொட்டலத்துக்கு ஒரு பிடி கொசுறு என்றும் எழுதச் சொன்னேன், அந்த யோசனை என்னுடையது. ஆர்டர் வந்து குவிந்தது. பார்சல் கட்டிக் கட்டிக் கை ஓய்ந்துபோனது.

கடைசி டின்னைத் திறந்திருந்தபோது, ஏலாக்குறிச்சியிலிருந்து வழக்கமாக வரும் அம்மா பஸ்ஸை விட்டு இறங்கிவந்தார். வழக்கம்போல் கூட்டிச் சொன்னேன். அவர் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அண்ணே, உங்க வெப்சைட்லயே இவ்ளோதான் போட்ருக்கு. நேர்ல வந்தவளுக்கு இதுல என்ன குறைப்பீங்க?"

"அதான்மா கடைசி விலை."

"பார்சல் செலவு உங்களுக்கு மிச்சம்ல? குறைங்கண்ணே."

நெஞ்சில் கைவைத்து, "சத்தியமா கட்டாதும்மா" என்றேன். இந்தத் தடவை அது நிஜம்.

"வருசா வருசம் இதையேதான் சொல்றீங்க" என்று அவர் சிரித்தார்.

வேறு வழியில்லாமல் குறைத்துக் கொடுத்தேன். டின் காலி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "கொசுறு எங்கண்ணே?" என்றார்.