கழுத்துக்குக் கீழே ஒரே ஆள்

எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் அண்ணிதான். கொழுந்தன் நாள் முழுக்க “அண்ணி, அண்ணி” என்று கத்திக்கொண்டே இருந்ததில் ஒட்டிக்கொண்ட பெயர். என்னைவிட வயதில் சின்னவர். இருந்தும் எனக்கும் அண்ணி.

என் ஜெராக்ஸ் கடையை ஒட்டி அவர்களுடைய பேனர் கடை. அண்ணி கம்ப்யூட்டரில் டிசைன் போடுவார், கணவர் அச்சடிப்பார், கொழுந்தன் ஏணியில் ஏறிக் கட்டுவான். நல்ல உடம்பு அவனுக்கு. பயில்வான் என்றுதான் கூப்பிடுவோம். அவன் ஏறும்போது கீழே ஏணியைப் பிடித்துக்கொள்வது அண்ணன் வேலை. வேறு யார் பிடித்தாலும் அவன் ஒரு படி ஏற மாட்டான். அவன் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோதே தாய் தகப்பன் போய்விட்டார்கள். அண்ணனும் அண்ணியும்தான் வளர்த்தார்கள். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடாத நாள் கிடையாது.

கட்சிக்காரர்களின் பேனருக்கு அண்ணி ஒரு குறுக்குவழி வைத்திருந்தார். அவர்கள் தரும் படங்களில் முக்கால்வாசியில் தொப்பை பிதுங்கும், இல்லையென்றால் சட்டை கசங்கியிருக்கும். அதனால் பயில்வானுக்கு வெள்ளைச் சட்டையை மாட்டி, வலது கையைத் தூக்கி விரல்களை விரித்துக் கையசைப்பதுபோல் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டார். கழுத்துக்கு மேலே வாடிக்கையாளர், கீழே பயில்வான். ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. தன் தோள் இவ்வளவு அகலமா என்று யோசிக்கிற அடக்கம் அந்தக் கூட்டத்தில் யாருக்கும் கிடையாது.

இந்த முறை வந்தது ஊர்த் தேர்தல்கூட இல்லை. நகரத் தலைவர் பதவிக்கு யாரை நிறுத்துவது என்று ஒரே கட்சிக்குள் நடந்த குத்துவெட்டு. ஒருவர் கண்ணாடிக்காரர், இன்னொருவர் தாடிக்காரர். அவர் “நகரைக் காப்போம்” என்றார். இவர் “நகரை மீட்போம்” என்றார். இத்தனை வருடமும் நகரம் அவர்கள் கட்சியின் கையில்தான் இருந்தது. யாரிடமிருந்து காப்பது, யாரிடமிருந்து மீட்பது?

எங்கள் கடைகளுக்கு முன்னால் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் ஒன்று வாயைப் பிளந்தபடி கிடந்தது. கடைக்குள் வர ஒரு பலகையைப் போட்டிருந்தோம். பேனருக்குச் சொல்ல வந்த கண்ணாடிக்காரர் அந்தப் பலகையில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, “அட, இன்னும் மூடலையா?” என்று கேட்டார். மறுநாள் தாடிக்காரர் வந்தார். அவரும் வேட்டியைத் தூக்கிக்கொண்டார். அவரும் “அட, இன்னும் மூடலையா?” என்றார். அண்ணி என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்க நான் உள்ளே ஓடினேன்.

அண்ணன் கண்ணாடிக்காரர் பக்கம், தம்பி தாடிக்காரர் பக்கம். முதலில் விளையாட்டாகத்தான் சீண்டிக்கொண்டார்கள்.

“உங்க ஆளு தலைவர் வீட்டு வாசல்ல காத்துக் கிடந்து பெரியாளானவருண்ணே” என்பான் தம்பி.

“உங்க ஆளு மட்டும்? அவருக்குப் பின்னாடி நின்னவர்தானேடா?” என்பார் அண்ணன்.

பிறகு விளையாட்டு வினையானது. பேச்சு நின்றது. தட்டை எடுத்துக்கொண்டு ஒருவர் வாசலுக்குப் போனார், ஒருவன் மாடிக்குப் போனான். அண்ணிக்கு வீடு இரண்டாகிவிடுமோ என்ற பயம் வந்துவிட்டது. ஒருநாள் இருவரையும் கம்ப்யூட்டர் முன்னால் இழுத்து நிறுத்தினார்.

“நல்லாப் பாருங்க. பேரையும் தலையையும் மாத்தினா இவரோட பேனர் அவரோடதாயிடுது. கழுத்துக்குக் கீழ ரெண்டும் நம்ம பயில்வான்தான். இதுக்கா மூஞ்சியத் திருப்பிக்கிறீங்க?”

“உனக்கு அரசியல் புரியாது” என்றார் கணவர்.

“அண்ணி, எங்காளு வேற மாதிரி” என்றான் கொழுந்தன்.

மாட்டுக்கும் கழுதைக்கும் வித்தியாசம் சொல்லலாம். இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு வார்த்தை சொல்ல இருவராலும் முடியவில்லை.

நாற்சந்தியில் யார் பேனர் என்பதில்தான் அது வெடித்தது. அண்ணனோடு பேச்சில்லாததால் பயில்வான் அன்று கீழே யாரும் பிடிக்காமலே ஏணியில் ஏறி, இரும்புச் சட்டத்தில் தாடிக்காரரைக் கட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடிக்காரரின் ஆட்கள் வந்து ஏணியைப் பிடித்து ஆட்டினார்கள். நான் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஆட்டியவர்களில் அண்ணனும் ஒருவர். அதே ஏணி, அதே கைகள். மேலேயிருந்து தம்பி குனிந்து பார்த்து, “அண்ணே, நீயா?” என்றான். ஏணி சரிந்தது. சட்டத்துக்கும் ஏணிக்கும் நடுவில் வலது கை மாட்டிக்கொண்டது.

எலும்பு கூடியது. ஆனால் இரண்டு விரல்கள் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன. ஆஸ்பத்திரிக்குக் கண்ணாடிக்காரரும் வரவில்லை, தாடிக்காரரும் வரவில்லை. இருவரும் ஆள் மூலம் ஆப்பிள் கொடுத்தனுப்பினார்கள். ஒரே கடைப் பை. அண்ணி இரண்டையும் அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டார். அண்ணன் வாசல்வரை வந்து, உள்ளே போக முகமில்லாமல் திரும்பிவிட்டார். வீட்டுக்கு வர மாட்டேன் என்று பயில்வான் ஒரு நண்பனின் அறைக்குப் போய்விட்டான்.

கட்டுப் பிரித்த வாரமே மேலிடம் கூப்பிட்டுப் பேசியது. கண்ணாடிக்காரர் தலைவர் பதவிக்கு, தாடிக்காரர் துணைத்தலைவர் பதவிக்கு. இருவரும் மேடையில் கட்டிப்பிடித்து, “எங்களுக்குள் என்றைக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை” என்றார்கள். அவர்கள் வாழ்நாளில் பேசிய ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும். தூ!

சேர்ந்து பலகையில் நடந்து வந்தார்கள். ஒரே நேரத்தில் வேட்டியைத் தூக்கினார்கள். “ஏம்மா, ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்கிற மாதிரி பெருசா ஒண்ணு போடு” என்றார் கண்ணாடிக்காரர். கணவர் நாற்காலி எடுத்துப் போட ஓடினார். எனக்கு அந்த நாற்காலியைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அவர்கள் போனதும் அண்ணி கணவரை எதற்கோ வெளியே அனுப்பிவிட்டு, கொழுந்தனைக் கூப்பிட்டனுப்பினார். வெள்ளைச் சட்டைக்குப் பொத்தானைத் தானே போட்டுவிட்டார்.

“கையத் தூக்குப்பா.”

“இந்தக் கையவா? பழைய படம் இருக்கே அண்ணி.”

“அந்தக் கை இப்ப எங்க இருக்கு? தூக்கு.”

தூக்கினான். மூன்று விரல்கள் விரிந்தன, இரண்டு விரியவில்லை. அண்ணி படம் எடுத்தார். அழுதுகொண்டேதான் எடுத்தார்.

இரண்டு தலைகளுக்குக் கீழேயும் அதே கை. தலைவர்கள் வந்து திரையில் வெகுநேரம் பார்த்தார்கள். “என் முகத்தை இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கும்மா” என்றார் ஒருவர். “எனக்கும்” என்றார் இன்னொருவர். அவ்வளவுதான்.

இந்த முறை அச்சையும் அண்ணியே அடித்து, கணவர் கண்ணில் படாமல் மடித்து வைத்தார். மடித்தபடியே பேனரை நாற்சந்திக்குக் கொண்டுபோனார்கள். ஏற ஆளில்லாமல் கணவரே ஏறினார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டது அண்ணி. மேல்முனையைக் கட்டியதும் பேனர் விரிந்து தொங்கியது. அவர் அடுத்த முனைக்காகக் கீழே இறங்கியபோது அந்தக் கை அவர் முகத்துக்கு நேராக வந்தது, ஆள் உயரத்துக்கு. மடங்கிய விரல்கள் இரண்டு. பக்கத்துக் கையிலும் அதே இரண்டு. தம்பியின் கையை அதுவரை அவர் ஒருமுறைகூடப் பார்த்திருக்கவில்லை. கயிறு கை நழுவி விழுந்தது. ஏணியிலேயே நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“இறங்கிடாதீங்க” என்றார் அண்ணி கீழேயிருந்து. “நான் ஏணியை ஆட்ட மாட்டேன். நல்லாப் பாத்துட்டுக் கட்டுங்க.”