பன்றிக்கால் ஆறுவதற்குள்: ஒஸ்லோவில் ஒரு ஜெர்மன் பியர் தோட்டம்

ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமை, ஒஸ்லோ நகர நடுவில் இருக்கும் ஒரு ஜெர்மன் உணவகத்துக்குக் குடும்பமாகப் போனோம். ட்வெய்ட்டாவில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து அது அரை மணித்தியாலம்தான். இதைப் பயணம் என்று சொன்னால் சிலர் சிரிக்கலாம். ஆனால் ஒஸ்லோவுக்கு வரும் விருந்தினரை எங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று இந்த வலைப்பூவுக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒரு தரம் நன்றாக விசாரித்து, முன்பதிவு செய்து, போயும் வந்துவிட்டதால் எழுதிவிடுகிறேன். எழுதுவது எனக்குக் கதைப்பதைவிடச் சுகம்.

போன காரணம் என் அக்கா. அக்கா ஒஸ்லோவில் தாதியாக வேலை செய்கிறா. இரண்டு வருடத்துக்கு முன் ஜெர்மனியில் மாதா திருத்தலத்துக்குப் போன இடத்தில் றொஷான் அண்ணாவைச் சந்தித்தா. அவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர், வீட்டுக்கு ஒரே பிள்ளை. கல்யாணம் செய்தால் ஒஸ்லோவுக்கு வந்துவிடுவதாக அவர் சொல்லியிருந்தார். சிக்கல் அங்கேதான். அவருடைய அம்மா அதற்கு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "நேரிலை பாத்துக் கதைச்சுத்தான் சொல்லுவன்" என்று மட்டும் சொல்லி, கணவரையும் மகனையும் கூட்டிக்கொண்டு வந்து, ரொம்சோஸில் ஒரு உறவினர் வீட்டில் தங்கியிருந்தார்.

முதல் சந்திப்பை ஒரு பொது இடத்தில் வைக்கலாம் என்று அவர்களே கேட்டார்கள். சரிவராவிட்டால் ஒருவர் வீட்டு வாசலை மற்றவர் மனவருத்தத்தோடு தாண்டத் தேவையில்லை. அப்பா ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, "அவை ஜெர்மனியிலை இருந்து வருகினம், அவைக்குப் பழகின சாப்பாட்டுக் கடையா ஒண்டு பார்" என்று என்னிடம் சொன்னார். மேல்நிலைப் பள்ளியை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்ட எனக்குக் காலையில் மட்டும்தான் ஒரு பாலர் பாடசாலையில் வேலை. ஆகவே வீட்டின் முன்பதிவுகள் எல்லாம் என் தலையில்.

தொலைபேசியில் கதைக்கக் கூச்சம் என்பதால் இணையத்தில் பதிவு செய்தேன். நீங்களும் அப்படியே செய்யலாம். வெள்ளிக்கிழமை இடம் இருந்தது, ஆனால் அம்மா வெள்ளியில் இறைச்சி தொடமாட்டார். சனி பின்னேரம் நான்கு மணிக்குத் தோட்டத்தில் ஏழு பேருக்கு ஒரு மேசை கிடைத்தது. எனக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை. பெரியவர்களோடு சாப்பிட வரலாமா என்று எழுதிக் கேட்டேன், தாராளமாக வரலாம் என்று பதில் வந்தது. முழுப் பன்றிக்கால் வேண்டுமானால் முதல் நாளே சொல்ல வேண்டும், அது மணிக்கணக்கில் வாட்டுகிற சாப்பாடு என்றும் அதில் இருந்தது. நானும் ஏழு பேருக்கு ஒரு பெரிய தட்டு சொல்லிவிட்டேன்.

பயணம் மிக இலகு. ட்வெய்ட்டாவிலிருந்து இரண்டாம் இலக்கச் சுரங்க ரயிலில் நகர நடுவுக்குக் கால் மணித்தியாலம். ஒருவருக்கான சீட்டு நாற்பது குரோனருக்குக் கொஞ்சம் மேலே. இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் கடை. ரயில் ஹெல்ஸ்பீரைத் தாண்டும்போது நான் அந்தப் பெரிய தட்டைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"சாப்பாடு சொல்லியிட்டியோ? ஆரடி உனக்குச் சொன்னது?"

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரியும். சம்மதம் சொல்லும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரின் சோற்றில் கை நனைக்கமாட்டார்களாம். தேத்தண்ணி குடிக்கலாம், ஒரு துண்டுப் பலகாரம் கடிக்கலாம், அவ்வளவுதான். அவர்கள் சாப்பிட்டால் ஓம். சாப்பிடாமல் எழும்பினால் அதுவும் ஒரு பதில். அதனால்தான் கெட்டிக்காரர்கள் முதல் சந்திப்பில் சாப்பாடு வைப்பதே இல்லை. கடையிலும் சம்மதம் வந்த பிறகுதான் சாப்பாடு சொல்வது என்று அம்மா நினைத்திருந்தாராம். நானோ தட்டு நிறைய இறைச்சி சொல்லி, அந்தக் கேள்வியை மேசை நடுவிலேயே வைக்கப்போகிறேன். அப்பா, "கடை பொது இடம்தானே, அது எங்கடை வீடில்லையே" என்று வாதாடிப் பார்த்தார். காசு ஆர் குடுக்கிறது என்று அம்மா கேட்டார். அதற்குப் பிறகு அப்பா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அக்கா கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தா.

தோட்டம் உண்மையிலேயே அழகு. கட்டடங்களுக்கு நடுவே சரளைக்கல் போட்ட முற்றம், நடுவில் இரண்டு பெரிய மரங்கள், நீளமான மர மேசைகள், முதுகுச் சாய்வில்லாத வாங்குகள். தெரியாத ஆட்களும் ஒரே மேசையில் பக்கத்தில் வந்து அமர்வார்கள். பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே போகிற நோர்வேக்காரர், இங்கே தோளோடு தோள் உரசிக்கொண்டு இருப்பதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு கம்பளி மடித்து வைத்திருக்கிறார்கள். ஜூன் என்று நம்பி மெல்லிய சட்டையோடு போகாதீர்கள்.

பரிமாற வந்தவர் தோல் காற்சட்டையும் வார்ப்பட்டையும் போட்ட உயரமான மனிதர். அப்பா வாய் திறந்ததும் அவர் முகம் மலர்ந்தது. அப்பா முதலில் வந்து இறங்கியது பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில். அவருடைய நோர்வேஜியன் இன்றைக்கும் அந்த வடகோடிப் பேச்சுத்தான். ஜெர்மன் உடை போட்டவரும் அதே பக்கத்து ஊர்க்காரராம். இரண்டு பேரும் கொட் மீனைப் பற்றிக் கொஞ்ச நேரம் கதைத்தார்கள்.

றொஷான் அண்ணா வீட்டார் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். அவருடைய அம்மா, சாம்பல் நிறச் சேலைக்கு மேலே குளிர் அங்கி, சின்ன உருவம், சத்தமில்லாத நடை. அவரை அன்ரி என்றுதான் கூப்பிட்டோம். அன்ரி தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "முப்பது வருசமா ஜெர்மனியிலை இருக்கிறன், இப்பிடி ஒரு கடைக்குள்ளை இண்டைக்குத்தான் கால் வைக்கிறன்" என்றார். அவருடைய கணவர், அங்கிளும் அப்படித்தானாம். இரவு வேலையும் வீட்டுச் சோறுமாகக் காலம் போய்விட்டதாம். ஒஸ்லோவில் நல்ல மீன் சாப்பிடலாம் என்று நினைத்து வந்தாராம். அப்பா என்னைப் பார்த்தார். நான் கம்பளியைப் பார்த்தேன்.

குடிக்க மட்டும் எல்லோரும் சொன்னார்கள். அரை லீற்றர் பியர் நூற்றிருபது குரோனர் அளவில் வருகிறது. அன்ரி தண்ணீர் போதும் என்றார். அங்கிள் பியர் சொன்னதும் அன்ரி திரும்பிப் பார்த்தார். "குடிக்கிறது கணக்கிலை வராது" என்றார் அங்கிள், ஒரு சட்டத்தரணியைப் போல.

அரை மணித்தியாலம் வேலை, வீடு, கோவில் என்று கதை ஓடியது. பிறகு அன்ரி அக்காவிடம் நேராகக் கேட்டார். தாதி வேலை ஜெர்மனியிலும் செய்யலாம்தானே, அங்கே ஆட்கள் தட்டுப்பாடுதானே. அக்கா பொய் சொல்லத் தெரியாதவ.

"செய்யலாம் அன்ரி. ஆனா எனக்கு இஞ்சை இருக்கத்தான் விருப்பம். றொஷானுக்கும் சொல்லியிருக்கிறன்."

அன்ரி தலையசைத்தார். மகனைப் பார்த்தார். பிறகு தண்ணீர்க் குவளையைப் பார்த்தார். சரியாக அந்த நேரத்தில்தான் என் தட்டு வந்தது.

அது தட்டு இல்லை, ஒரு பலகை. நடுவில் மூன்று முழுப் பன்றிக்கால், தோல் பொன்னிறமாக வெடித்துக் குமிழ் குமிழாக நின்றது. சுற்றி வெள்ளையும் கபிலமுமாகத் தொத்திறைச்சி, புளிக்கவைத்த முட்டைக்கோவா, பந்து போல உருட்டிய உருளைக்கிழங்கு, உப்புத் தூவிய முறுக்கு ரொட்டி, ஒரு கிண்ணம் கடுகுக் கூழ். பக்கத்து மேசைக்காரர்கூட எட்டிப் பார்த்தார்கள். எங்கள் மேசையில் ஒருவரும் அசையவில்லை. விருந்தினர் தொடாமல் நாங்கள் தொட முடியாது. அப்பா "எடுங்கோவன்" என்று மெதுவாகச் சொன்னார். "இருக்கட்டும், பரவாயில்லை" என்றார் அங்கிள், கண்ணை மட்டும் பலகையிலிருந்து எடுக்காமல். ஆவி மேலே போய்க்கொண்டிருந்தது. அக்காவின் கண் கலங்கத் தொடங்குவதை நான் கண்டேன்.

கொஞ்ச நேரத்தில் பரிமாறுகிறவர் கவலையோடு திரும்பி வந்தார். பதிவு என் பெயரில் இருந்ததால் என்னிடமே கேட்டார், சாப்பாட்டில் ஏதும் பிழையா என்று. இல்லை, நல்லாயிருக்கு, கொஞ்சம் பொறுத்துச் சாப்பிடுவார்கள் என்றேன். அப்படியானால் உள்ளே அடுப்பில் வைத்துத் தருகிறேன், எவ்வளவு நேரம் என்று சொன்னால் சரி, கனநேரம் வைத்தால் தோல் மெதுத்துவிடும் என்றார். பதில் தெரிந்தவர் ஒருவர்தான். நான் யோசிக்காமல் அவர் பக்கம் திரும்பிவிட்டேன்.

"அன்ரி, எவ்வளவு நேரம் செல்லுமெண்டு கேக்கிறார். கனநேரமெண்டா தோல் மெதுத்துப்போமாம்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன கேட்டிருக்கிறேன் என்று விளங்கியது. அம்மா மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினார். அங்கிள் பியர்க் குவளையை வாயருகே பிடித்தபடி அப்படியே இருந்தார். அன்று பின்னேரம் அன்ரியிடம் நான் சொன்ன முதல் வசனம் அதுதான்.

அன்ரி என்னையே பார்த்தார். கோபமாக இல்லை. பிறகு மகனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கடைசியில் பலகையைக் கையால் தன் பக்கம் இழுத்தார்.

"அடுப்பிலை வைக்க வேண்டாமெண்டு சொல்லு, பிள்ளை."

நான் சொன்னேன். றொஷான் அண்ணா வாயைத் திறந்தபடி இருந்தார். "என்ன பாக்கிறாய்? வெட்டு" என்றார் அன்ரி. மகன் வெட்டிய முதல் துண்டை, தோலோடு, தானே எடுத்துக் கடித்தார். அந்த மொறுமொறுச் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. மென்று விழுங்கிவிட்டு அக்காவிடம் சொன்னார்:

"வருசத்திலை ரெண்டு தரம் வருவன். வந்தா ஒரு மாசம் நிப்பன். எனக்கெண்டு ஒரு அறை வேணும்."

"ஓம், மாமி" என்றா அக்கா. அன்ரி என்று சொல்லவில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கடுகுக் கூழில் காரம் அதிகம் என்றார். அவர் அதை இன்னும் தொடவே இல்லை.

அதற்குப் பிறகு சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமே. தோல் அப்பளம் போல நொறுங்குகிறது, இறைச்சி எலும்பிலிருந்து தானே விழுகிறது. கோவாவின் புளிப்பு முதலில் முகத்தைச் சுளிக்க வைக்கும், மூன்றாம் வாயில் பிடித்துவிடும். உருளைக்கிழங்குப் பந்து எனக்குப் பிடிக்கவில்லை, பசை மாதிரி. மிஞ்சியதைப் பெட்டியில் போட்டுத் தந்தார்கள். மாமி அதை ரொம்சோஸுக்குக் கொண்டுபோய், ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த தன் மிளகாய்த்தூள் போட்டுக் கறி வைத்து, ஞாயிறு பூசை முடிய எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். அந்தக் கறி கடைச் சாப்பாட்டைவிட நன்றாக இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: கோடைச் சனிக்கிழமை என்றால் ஒரு கிழமைக்கு முன் பதிவு செய்யுங்கள். ஒரு முழுப் பன்றிக்கால் முந்நூற்றைம்பது குரோனர் அளவில் வரும், இரண்டு பேர் தாராளமாகப் பகிரலாம். இறைச்சி சாப்பிடாதவர்களுக்குப் பாற்கட்டி போட்ட நூடில்ஸ் ஒன்று இருக்கிறது, வேறு பெரிதாக இல்லை. மழை வந்தால் உள்ளே இடம் தருவார்கள், ஆனால் தோட்டத்தின் சுகம் உள்ளே இல்லை. கதைக்கக் கூச்சமென்றாலும் பயப்பட வேண்டாம், எழுதிக் கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் தருகிறார்கள்.

இன்னும் முடிவாகாத சம்பந்தத்துக்குக் கூட்டிப்போவதானால், ஆறினாலும் பரவாயில்லாத சாப்பாடாகச் சொல்லிவைக்கும்படி எழுதச் சொல்லி அம்மா பக்கத்தில் நிற்கிறார். நான் அப்படி எழுதமாட்டேன். பன்றிக்காலையே சொல்லுங்கள். அது அதிக நேரம் காத்திருக்காது.