நெட்டுக்காகத் தட்டிய கதவுகள்

போன வருடம் ஆடி மாதம் நடந்தது இது. படப்பையிலிருந்து ஒரகடம் போகிற சாலையை ஒட்டிய ஒரு புது மனைப்பிரிவில் என் மகளும் அவளுடைய தோழிகள் இரண்டு பேரும் வாடகைக்கு வீடு எடுத்திருந்தார்கள். மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. டிப்ளமோ முடித்துவிட்டு, கார் உதிரிபாகம் செய்யும் ஒரு ஜப்பானியக் கம்பெனியில் பயிற்சியாளராகச் சேர்ந்திருந்தாள். எங்களுக்கு விருதுநகர் பக்கம். பெண் பிள்ளைகள் தனியாக வீடெடுத்துத் தங்குவதில் எனக்குத் துளிகூடச் சம்மதமில்லை.

ஆனால் அவளிடம் ஒரு காரணம் இருந்தது. ஜப்பானிய மொழித் தேர்வில் தேறுகிறவர்களை லைன் வேலையிலிருந்து எடுத்து, தரம் பார்க்கும் பிரிவில் போடுவார்களாம். தேர்வு ஆன்லைனில். கேமரா முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும், நடுவில் நெட் போனால் அதோடு சரி. முன்பு தங்கியிருந்த ஹாஸ்டலில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே வைஃபை. முதல் முறை பாதியில் நெட் போய், பிள்ளை ஃபோனில் ஓவென்று அழுதாள். இரண்டாவது வாய்ப்புதான் கடைசி. அது அந்த வார ஞாயிற்றுக்கிழமை. அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. நெட் போட்டுக் கொடுக்க வெள்ளிக்கிழமை காலையில் நான் போய் இறங்கினேன்.

வீட்டுக்குள் ஃபோன் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் ஃபோன் போட்டேன். உங்கள் பகுதிக்கு இன்னும் வரவில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். கடைசியில் உள்ளூர் கேபிள்காரர்தான் பிடி கொடுத்துப் பேசினார். "ஒரு வூட்டுக்காக மெயின் ரோட்லர்ந்து அம்மாந்தூரம் ஒயர் இழுக்க முடியாதுமா. அந்தத் தெருவுல நாலு வூடு சேத்துக் குடுங்க, நாளைக்கே வந்து மாட்டிடறேன்."

நாலு வீடுதானே? எங்கள் ஊரில் ஓட்டுக் கேட்கிறவர்களோடு தெருத்தெருவாகப் போனவள் நான். உடனே கிளம்பிவிட்டேன். மணி பதினொன்று இருக்கும். முதல் வீட்டைத் தட்டியதும் ஒரு பையன் கண்கள் சிவக்க வந்து, நான் வாயைத் திறப்பதற்குள் "அப்புறம் வாங்கம்மா" என்று கதவைச் சாத்திவிட்டான். மரியாதை தெரியாத பிள்ளை என்று முணுமுணுத்துக்கொண்டே, எங்களை ஒட்டிய பக்கத்து வீட்டுத் தாழ்ப்பாளைப் பிடித்து டக் டக்கென்று அடித்தேன். பதிலில்லை. இன்னும் பலமாக அடித்தேன்.

என் வயதுப் பெண் ஒருத்தி பக்கத்துச் சந்திலிருந்து ஓடி வந்தாள். "இன்னாமா, கதவ ஒடச்சிடுவ போல கீதே! உள்ள ஆளு தூங்கினு கீறாரு!"

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே! "பட்டப்பகல் பதினோரு மணிக்கு என்னம்மா தூக்கம்? வேலை வெட்டி கிடையாதா?" என்று கேட்டுவிட்டேன்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். அவள் கணவர் இரண்டு வாரமாக மறுபடி நைட் ஷிப்ட். போன மாதம் தூக்கம் போதாமல், வண்டியில் திரும்பி வரும்போது கண்ணயர்ந்து விழுந்து கையில் ஏழு தையல். காலிங் பெல் வயரையே கழற்றிப் போட்டுவிட்டு, அவர் தூங்கும் நேரமெல்லாம் அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். பாதித் தெரு அப்படித்தான் தூங்குகிறது என்றாள். அவள் சொல்லி முடிக்கும்போது நாலைந்து ஜன்னல்கள் திறந்திருந்தன. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வந்த விஷயத்தைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

ஷிப்ட் முடிந்து வந்த மகள் விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துவிட்டாள். "ஏம்மா இப்பிடிப் பண்ணுன? நீ ரெண்டு நாள்ல போயிருவ. இந்தத் தெருவுல இருக்கப் போறது நானு." அவள் சொன்னது சுருக்கென்று தைத்தது.

சாயங்காலம் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபமெல்லாம் எங்கேயோ போயிருந்தது. "அத வுடுக்கா. இன்னா விசயமாத்தான் வந்தே?" என்றாள். சொன்னேன். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று செருப்பை மாட்டினாள். எந்த வீட்டில் யாருக்கு எந்த ஷிப்ட் என்று மொத்தமும் அவளுக்கு மனப்பாடம். ஆறு மணிக்கு மேல்தான் முக்கால்வாசிப் பேர் விழித்திருப்பார்களாம். ஒரு மணி நேரத்தில் ஆறு வீடு சேர்ந்துவிட்டது. காலையில் கதவைச் சாத்திய பையன்தான் முதல் ஆள். "நெட்டுக்குன்னு சொல்லியிருந்தா நடு ராத்திரி எழுப்பினாலும் எந்திரிச்சிருப்பேனே" என்று சிரித்தான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கேபிள்காரர் வந்தார். தெருவெல்லாம் ஒயர் இழுத்து முடித்து, எங்கள் சுவரில் ஓட்டை போட டிரில்லிங் மெஷினை எடுத்தார். எனக்குத் திக்கென்றது. எங்கள் சுவரும், கையில் தையல் போட்டிருந்த அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் படுத்திருக்கும் அறைச் சுவரும் ஒன்று.

"அண்ணே, மூணு மணிக்கு மேல வந்து போடுங்களேன்."

"இன்னாமா வெளயாடறீங்களா? படப்பைல வேல கீது. இப்ப வுட்டா திங்கக்கெழமதான்."

திங்கட்கிழமை வந்து எனக்கு என்ன பிரயோஜனம்? பத்து நிமிடச் சத்தம்தானே, போடச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. நாக்கு நுனிவரை வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, வேண்டாம் என்றேன். அவர் போய்விட்டார். சுருட்டி வைத்த ஒயர் பக்கத்தில் உட்கார்ந்து, பெற்ற பிள்ளையின் வாய்ப்பை நானே கெடுத்துவிட்டேனோ என்று அழுதேன்.

நாலு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்தார். பின்னாலேயே அவர் மனைவி. ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவர் தன் ஃபோனில் கேபிள்காரரைப் பிடித்தார். "ஓட்டய நான் போட்டுக்கறேன், நீ வூட்டுக்குப் போற வழியில வந்து கனெக்‌ஷன் மட்டும் குட்றா" என்றார். கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவாம். தையல் போட்ட கையோடு தன் வீட்டு டிரில்லிங் மெஷினைப் பிடித்து ஐந்தே நிமிடத்தில் முடித்தார். "காலைலயே போட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுக்கா" என்றவரை மனைவி விடவில்லை. "ஆயிருக்கும், நீ சும்மா கெட!"

ஆறரை மணிக்கு, கேபிள்காரர் வந்து மாட்டிய நெட் டப்பாவில் பச்சை விளக்கு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை தேர்வு முடியும் வரை ஒரு நொடி கூட அது அணையவில்லை. மகள் தேறினாள்.

அடுத்த மாதம் ஒரு நாள் மத்தியானம் அவளைக் கூப்பிட்டேன். நாலு முறை அடித்தும் எடுக்கவில்லை. பதறிப்போய்ப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன். "நைட் ஷிப்ட் முடிச்சினு வந்து பொண்ணு இப்பத்தான் கண்ண மூடுச்சு. ஃபோன சைலண்ட்ல போட வெச்சதே நான்தான். சாயந்திரம் பேசு, இப்ப வை" என்று அதட்டிவிட்டுப் பட்டென்று வைத்துவிட்டாள்.

பெற்ற மகளோடு பேச விடாமல் ஒருத்தி ஃபோனை வைக்கிறாள், எனக்குக் கோபமே வரவில்லை, கண்தான் கலங்கியது. வயசுப் பெண்ணை அவ்வளவு தூரத்தில் தனியாக விட்டிருக்கிறாயே என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள்; அவள் தனியாக இல்லை என்று நான் தயங்காமல் சொல்கிறேன்.