மாலை போட்ட நாய்

ஆந்திர எல்லை ஓரத்து ஊரான நகரியில் எங்கள் தெரு தாட்சாயணி அக்கா சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. தறிக்கூடத்தில் நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிற வேலை அவளுக்கு. அங்கே தறி போடும் சத்தத்தில் கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. அதனால் கத்துவதையே விட்டுவிட்டாள் போலிருக்கிறது. சொல்ல வேண்டியதை ஒரு தரம் மெதுவாகச் சொல்வாள். கேட்டால் சரி, கேட்காவிட்டால் அவள் பாட்டுக்குச் செய்துவிட்டுப் போவாள். இப்படிப்பட்டவளோடு யாருக்கு வம்பு வரும்? போன புரட்டாசி வரைக்கும் வரவில்லை.

புரட்டாசியில் எங்கள் தெருவிலிருந்து ஒரு குழு மஞ்சள் துணி கட்டி, துளசி மாலை போட்டு, திருமலைக்கு நடந்தே போகும். குருசாமி சடகோபன். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வேலை போனாலும் விசில் போகவில்லை. ஒரு விசில் அடித்தால் குழு நிற்க வேண்டும், இரண்டு விசில் அடித்தால் கிளம்ப வேண்டும். மாலை போடுகிற அன்றைக்குச் சட்டதிட்டம் எல்லாம் சொல்வார். மாலை போட்டவருக்கு ஜாதி இல்லை, பேர் இல்லை, எல்லாரும் சாமி. வழியில் ஒரு சாமிக்கு உடம்பு சரியில்லை என்றால் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. மேலே தரிசனம் முடியாமல் மாலையைக் கழற்றக் கூடாது, கழற்றினால் குழுவுக்கே ஆகாது. எல்லாம் நல்ல விஷயங்கள்தான். நாங்களும் பயபக்தியோடு தலையாட்டினோம்.

அக்காவுக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. மகன் யஸ்வந்துக்கு வேலை கிடைத்தால் முதல் மாதச் சம்பளம் பெருமாள் உண்டியலுக்கு என்று. சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் கிடைத்துவிட்டது. அந்தச் சம்பளம் முழுவதையும் மஞ்சள் துணியில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தாள்.

ஊர் எல்லை தாண்டும்போது ஒரு செம்பட்டை நாய் எங்கள் பின்னால் வந்தது. எங்களுடைய எலுமிச்சை சாதம் அதற்குப் பிடித்துப்போனது, அவ்வளவுதான் காரணம். ஆனால் பக்தர்கள் பின்னால் ஒரு நாய் வந்தால் அதைச் சும்மா நாய் என்று விட முடியுமா?

"பைரவரு வந்துக்கினு கீறாரு!" என்றார் சண்முகம். எங்கள் குழுவில் வீடியோ எடுக்கிறவர் அவர்.

"பைரவரு சிவன் கோயில் ஆளுப்பா. நம்ம யாத்திரையில அவருக்கு இன்னா வேல?" என்றார் குருசாமி. கொஞ்சம் யோசித்துவிட்டு, பையில் மிச்சமிருந்த துளசி மாலையை எடுத்து நாயின் கழுத்தில் போட்டார். நெற்றியில் நாமமும் இட்டார். "இப்போ சரியாப் போச்சி. இனிமே யாரும் நாயின்னு சொல்லக்கூடாது. சாமின்னுதான் சொல்லணும்."

சண்முகம் அதை வீடியோ எடுத்துப் போட்டார். ஆயிரக்கணக்கில் பார்த்தார்களாம். அதற்குப் பிறகு நாய்க்கு வந்த யோகத்தை என்ன சொல்ல! பந்தியில் முதல் இலை அதற்கு. புத்தூரில் ஓர் அம்மா அதன் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் பத்து ரூபாய் வைத்தார். நாய் ரூபாயை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. "பாத்தீங்களா, காசு மேல ஆசையே இல்ல!" என்று உருகிப்போன சண்முகம், அந்த ரூபாயைத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

வடமாலப்பேட்டைக்கு முன்னால் ஒரு கார் வந்தது. பின் கண்ணாடியில் பெரிதாக 'கோவிந்தா கோவிந்தா' என்று எழுதியிருந்தது. தரிசன டோக்கனுக்கு நேரமாகிவிட்டதோ என்னவோ, சாமியின் பின்னங்கால் மேல் ஏறி நிற்காமலே போய்விட்டது.

"அய்யய்யோ சாமி!" என்று எல்லாரும் ஓடினோம். எலும்பு வெளியே தெரிந்தது. ரத்தம் கொட்டியது. மஞ்சள் துணியில் ரத்தம் படக்கூடாதே என்று முதலில் ஒருவர் பின்னால் நகர்ந்தார். அப்புறம் நாலு பேர். ஒரு வெற்றிலை போடுகிற நேரத்துக்குள் சாமி மறுபடியும் நாயாகிவிட்டது.

குருசாமி இரண்டு விசில் அடித்தார்.

அக்கா நாயின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"தாட்சாயணிம்மா, எழுந்துரு. விடியகாத்தால அலிபிரி படிக்கட்டுல இருக்கணும்."

"சாமிக்குக் காலு போயிட்டுக்கீதே, குருசாமி."

"அது நாய்ம்மா."

"மால போட்டவங்கள வழியில வுட்டுட்டுப் போவக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

குருசாமிக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. சட்டம் போட்டவர் அவர், மாலை போட்டவரும் அவர். "அவ்ளோதான, மாலைய கழட்டிட்டா ஆச்சி" என்று குனிந்தார். வலியில் கிடந்த நாய் பல்லைக் காட்டியது. கையை இழுத்துக்கொண்டார்.

பின்னால் நின்ற எங்கள் குழு நாகையா தொண்டையைச் செருமினார். "கழட்டலாமா குருசாமி? போன வருசம் நான் ஒரே ஒரு பீடி புடிச்சிட்டு, மாலைய கழட்டிடறேன்னு சொன்னதுக்கு, நடு வழியில கழட்டினா குழுவே நாசமாப் பூடும்னு என்னிய அந்தத் திட்டு திட்டினீங்க."

"யோவ், நீ சும்மா இருய்யா!"

குழு கூடி யோசித்தது. கடைசியில் குருசாமியே வழி கண்டுபிடித்தார். "ஒருத்தர் கூட இருந்தா மொத்தக் குழுவும் கூட இருந்த மாதிரிதான். தாட்சாயணிம்மா நம்ம சார்புல இருக்கட்டும்."

எல்லாருக்கும் மூச்சு வந்தது. ஆளாளுக்கு ஏதோ கொடுத்தார்கள். ஒருவர் தண்ணீர் பாக்கெட், ஒருவர் மஞ்சள் தூள், மற்றவர்கள் யோசனை. பணம் மட்டும் யாரிடமும் இல்லை. இருந்ததெல்லாம் பெருமாள் பணம், அதைத் தொட முடியாது. பிறகு வழக்கத்தைவிடச் சத்தமாக "கோவிந்தா" சொல்லிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்குக் காலில் கொப்புளம். நடக்க முடியாது என்பதால் அக்காவோடு நான் தங்கினேன். பெரிய மனசெல்லாம் இல்லை.

நாகையா சொல்லிவிட்டுப் போன யோசனைப்படி ஆட்டோ பிடித்துப் புத்தூருக்கே திரும்பினோம். எங்கெங்கோ உடைந்த கையும் காலும் புத்தூருக்கு வந்துதான் கட்டுப் போட்டுக்கொண்டு போகின்றன. கட்டுப் போடுகிற பெரியவர் ஒருவர் ஆட்டோவுக்குள்ளேயே எட்டிப் பார்த்தார். நாமத்தையும் மாலையையும் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகுதான் காலைப் பார்த்தார்.

"அம்மா, இது கட்டற கேஸு இல்ல. தோலு கிழிஞ்சி எலும்பு வெளிய வந்துட்டுது. திருப்பதியில நாய்க்கின்னே ஆஸ்பத்திரி கீது, ஆபரேசன் பண்ணுவாங்க. இன்னிக்கே போயிடு." காசு வாங்கவில்லை. துணி சுற்றி அனுப்பினார்.

திருப்பதியில் அந்த ஆஸ்பத்திரி எங்கள் ஊர் மனுஷ ஆஸ்பத்திரியைவிடக் குளிராக இருந்தது. பக்கத்து நாற்காலியில் ஒரு வீட்டம்மா, பஞ்சு மூட்டை மாதிரி ஒரு குட்டி நாயை மடியில் வைத்திருந்தார். எங்களுடையதைப் பார்த்து, "ஏ பிரீடு அண்டி?" என்று, என்ன ஜாதி நாய் என்பதைத் தெலுங்கில் கேட்டார்.

அக்கா தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். "நகரி."

"ஓ!" என்று அந்த அம்மா மரியாதையாகத் தலையாட்டி, அதிக விலை இருக்குமா என்றும் கேட்டார்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கம்பி வைத்தால் கால் தப்பும், இன்றைக்கே செய்யாவிட்டால் உயிரே தப்பாது என்றார். எவ்வளவு ஆகும் என்றும் சொன்னார். யஸ்வந்துடைய ஒரு மாதச் சம்பளம் சரியாகப் போய்விடும்.

அக்கா இடுப்பு முடிச்சின் மேல் கையை வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அங்கிருந்து திருமலை தெரிகிறது. அதைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு மகனுக்குப் போன் போட்டாள். அவன் பேசியது எனக்கும் கேட்டது.

"அம்மா, அது பெருமாள் காசு. என்னிய இன்னாத்துக்குக் கேக்கற? அவர கேளு."

"கேட்டுட்டேன் நைனா."

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. வேணாம்னும் சொல்லல."

முடிச்சை அவிழ்த்துவிட்டாள். ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வருகிற வரைக்கும் எனக்குத்தான் பயம். சாமி குத்தமாகிவிடுமோ என்று மனசுக்குள் கோவிந்த நாமம் சொல்லிக்கொண்டே இருந்தேன். கால் தப்பிவிட்டது. ஆனால் மயக்கம் தெளிந்ததும் காலில் போட்ட கட்டைக் கடித்துப் பிய்க்கப் பார்க்கும், ராத்திரி பகல் ஒருவர் பக்கத்திலேயே இருந்து தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர்.

மறுநாள் சாயங்காலம் குழு மலையிலிருந்து இறங்கி வந்தது. எல்லாரும் மொட்டை, சந்தனம், கையில் லட்டுப் பை. கழுத்தில் மாலை இல்லை, மேலேயே முறைப்படி கழற்றிவிட்டார்கள். நாய் பிழைத்தது கேட்டு எல்லாருக்கும் சந்தோஷம். சண்முகம் செல்போனை எடுத்துவிட்டார். "நம்ம குழு சாமிக்கு நம்ம குழுவே வைத்தியம் பாக்குது" என்று ஆரம்பித்தும்விட்டார்.

"செலவுக்கு இன்னா பண்ணே?" என்று அப்போதுதான் குருசாமி கேட்டார்.

அக்கா சொன்னாள்.

சண்முகம் வீடியோவை நிறுத்தினார். குருசாமி மொட்டைத் தலையில் கை வைத்தார்.

"பெருமாளு காசையா? உனுக்கு இன்னா புத்தி கெட்டுப் போச்சா? வட்டி வாங்கற பெருமாளும்மா அவரு! ஒத்தக் காசு கொறஞ்சாலும் வுட மாட்டாரே!"

"எனக்குத்தான குருசாமி கேடு. நான் பேசிக்கறேன்."

"உனக்கு மட்டுமா? நேத்து உன்ன எங்க சார்புல வுட்டுட்டுப் போனோமே! நாயி கழுத்துல கிடக்கறது நம்ம குழு மாலையாச்சே! கடன் எங்க எல்லாரு தலையிலயும்தான வுழும்!"

குழுவில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை. நேற்று ரோட்டில் பத்து ரூபாய் இல்லாதவர்கள் பனியனுக்குள்ளிருந்தும் செல்போனுக்குள்ளிருந்தும் எடுத்தார்கள். நாகையா வீட்டுக்குப் போன் செய்து கடன் சொல்லி வாங்கினார். அன்றைக்கும் வந்திருந்த பஞ்சு மூட்டை நாயின் சொந்தக்காரம்மா ஒரு காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் மொத்தப் பணமும் சேர்ந்துவிட்டது. நாய்க்காகக் கேட்டிருந்தால் ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

"இந்தா. ஓடிப் போயி உண்டியில போட்டுட்டு வா. இன்னிக்கே போ" என்று குருசாமி நீட்டினார்.

"நீங்களே போட்டுடுங்களேன்."

"காச முடிஞ்சி வச்சது நீ. நீதான் போடணும்."

அக்கா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு நாயைப் பார்த்தாள். "போறேன். அதுவரைக்கும் சாமிகூட யாரு இருக்கறது?"

எல்லாரும் லட்டுப் பையைப் பார்த்தார்கள். சண்முகத்துக்குக் கடை திறக்க வேண்டும். நாகையாவுக்கு நாய் என்றாலே பயம் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. நான் அக்காவோடு மலைக்குப் போக வேண்டும், எனக்கும் தரிசனம் பாக்கி.

"குழுவுல இன்னும் மாலையோட கீறது நாங்க ரெண்டு பேரும் அதுவும்தான்" என்றாள் அக்கா மெதுவாக. "குருசாமி பக்கத்துல இருந்தா அதுக்கும் தெம்பா இருக்கும்."

குருசாமி வாசலைப் பார்த்தார். பத்து பதினைந்து மொட்டைத் தலைகள் அவரையே பார்த்தன. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நர்ஸம்மா வந்து, பிடித்துக்கொள்ளச் சொல்லி நாயின் தலையை அவர் மடியில் வைத்தாள். புது வேட்டி. நாய் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தாடையை அவர் தொடையில் வைத்துத் தூங்கிவிட்டது.

நாங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது அவர் செல்போன் அடித்தது. வீட்டுக்காரம்மா.

"ஆஸ்பத்திரியில கீறேன்... இல்ல, எனக்கு ஒண்ணும் இல்ல. நம்ம குழுவுல ஒரு சாமிக்குக் காலு ஆபரேசன்... ஆமா, நான்தான் கூட இருக்கணும், குருசாமியாச்சே... யாரா? உனக்குத் தெரியாது. நகரிதான்... சொந்தக்காரங்க வரலியாவா? அவருக்கு அப்படியெல்லாம் யாரும் இல்ல... இல்லம்மா, இட்லி வேணாம். அவரு இட்லி துன்ன மாட்டாரு... எலும்பு சூப்பு இருந்தா கொண்டா."