தகரக் குழாய் வைத்த மாடி அறை

இது நடந்தது. நம்பாதவர்கள் ஐயம்பேட்டைக்குப் போய்க் கமலாட்சியைக் கேட்டுக்கொள்ளலாம். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல மாட்டாள். அவளும் எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. பால்காரரின் சொம்புக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பாலே வாங்குவாள்.

1966, கார்த்திகை மாதம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் விடாத மழை. கமலாட்சிக்கு எட்டாம் மாதத்திலேயே ஆண் குழந்தை பிறந்துவிட்டது. கல்யாணமாகி வெகு காலம் கழித்து வந்த பிள்ளை. உள்ளங்கால் எப்போதும் சில்லென்று இருந்தது. உடம்புச் சூடு குறையாமல் பார்த்துக்கொண்டால் பிழைக்கும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அவளுக்கு அதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

புருஷன் வீரபத்திரன் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன். அந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்து சில மாதங்கள்தான். கொல்லையில் சாய அடுப்பு. அங்கிருந்து ஒரு சதுரத் தகரக் குழாய் சுவர் ஏறி, மாடி அறைக்குள் புகுந்து, தரையோரம் முடிந்தது. மழைக்காலத்தில் நூல் காய்வதற்காக முன்னால் இருந்தவர்கள் அடுப்பின் அனலை மேலே கொண்டுபோயிருக்க வேண்டும். குழாயின் வாயை அடைத்திருந்த பலகையை வீரபத்திரன் பிடுங்கினான். வெதுவெதுவென்று காற்று வந்தது. தாயும் பிள்ளையும் அங்கேயே படுத்தார்கள்.

அன்றைக்கே சத்தம் ஆரம்பித்தது.

டொம்... டொம்...

எண்ணெய் டின்னின் அடியைக் கட்டைவிரலால் அழுத்தி விட்டால் வருமே, அந்தச் சத்தம். ஒவ்வொரு தடவையும் பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. கமலாட்சிக்கு வீட்டுக்காரர் ராஜகோபால் மேல் சந்தேகம். இந்த வீட்டைத் தங்கைக்குக் கொடுக்க ஆசைப்பட்டவர், ஆள் வைத்துத் தட்டித் துரத்தப் பார்க்கிறார் என்று நினைத்தாள். ஜன்னலோரம் காலை முழுக்கக் காவல் இருந்தாள். கொல்லையில் ஒரு காக்கா கூட இல்லை.

தெருக்கோடியில் தகரக் கடை வைத்திருந்த சிட்டிபாபு வந்து பார்த்தான்.

“பயப்படாதக்கா. சூடு ஏறுனா தகரம் பெருக்கும். பெருக்க எடம் இல்லன்னா உப்பும், அதான் டொம்முங்குது. ஆறுனா உள்ள இழுக்கும்.”

குழாயின் சப்பைப் பக்கங்களில் குறுக்கு மடிப்புத் தட்டி விறைப்பாக்கினான். சுவரில் உரசும் இடங்களில் தேங்காய் நார் திணித்தான். அறைக்குள் ஒரு முழம் தகரத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் படுதாத் துணியை உறை மாதிரி சுற்றிக் கட்டினான். இனி அந்தப் பக்கத்து அதிர்வு இந்தப் பக்கம் தாண்டாது என்றான்.

சொன்னபடி சத்தம் நின்றது. பிள்ளை தூங்கியது. கமலாட்சி வாயாலேயே சிட்டிபாபுவுக்கு நல்ல பேர் கிடைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் அவள் அந்தத் துணியைக் கவனித்தாள்.

உப்பியது. மெல்ல ஒட்டியது. மறுபடி உப்பியது. காற்றடிக்கிறது என்றான் வீரபத்திரன். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. காற்று இப்படி ஒரே சீராக அடிக்குமா?

அமாவாசை வந்தது. அன்றைக்குத் தறியும் ஓடாது, சாய அடுப்பும் எரியாது. வீரபத்திரன் கோயிலுக்குப் போயிருந்தான். சாயங்காலம். மழை இருட்டு.

துணி உப்பிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பும் வந்துகொண்டிருந்தது...

புருஷன் தனக்குத் தெரியாமல் அடுப்பு மூட்டிவிட்டுப் போயிருப்பானோ என்று அவளுக்குச் சந்தேகம். கீழே இறங்கிப் போய்ப் பார்த்தாள். அடுப்புக்குள் சாம்பல் மேல் பூனை படுத்திருந்தது.

மேலே ஓடி வந்தாள்.

பிள்ளையின் வயிறு ஏறியது. துணி உப்பியது.

வயிறு இறங்கியது. துணி ஒட்டியது.

இரண்டும் ஒன்றாக...

திடீரென்று துணி நின்றது.

பிள்ளையைப் பார்த்தாள். உதடு நீலம். வயிறு அசையவில்லை.

கமலாட்சிக்கு உயிரே போய்விட்டது. பிள்ளையைத் தூக்கிக் கவிழ்த்து முதுகில் தட்டினாள். தட்டினாள். தட்டினாள்...

முதலில் துணி உப்பியது.

அப்புறம்தான் பிள்ளை அழுதது.

வீரபத்திரன் வந்ததும் வராததுமாக அவனையும் இழுத்துக்கொண்டு, மழையோடு மழையாக ஐயம்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே பிள்ளைக்கு ஒரு குறையும் வரவில்லை. அந்தக் குழாய் தன் பிள்ளைக்கு மூச்சைக் கொடுத்ததா, மூச்சை எடுக்கப் பார்த்ததா? அந்தச் சந்தேகம் மட்டும் அவளுக்கு இன்றுவரை தீரவில்லை.

ஒரு வாரம் கழித்து, வீட்டுக்காரர் சொல்லிக் குழாயைக் கழற்றப் போன சிட்டிபாபு ஐயம்பேட்டைக்கே தேடி வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. குழாய் சுவருக்குள் வளைகிற இடத்தில் செங்கல் வைத்துச் சுண்ணாம்பு பூசி அடைத்திருந்ததாம். கல்லாக இறுகிப்போன பழைய பூச்சு. அடுப்பின் அனல் ஒரு நாளும் அந்த அறைக்கு வந்திருக்க முடியாது என்றான்.

“அப்போ அந்தச் சூடு?” என்றான் வீரபத்திரன்.

சிட்டிபாபு கமலாட்சியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

“படுதாவ அவுத்தேன்ணா. உள்பக்கம் ஈரமா இருந்துச்சு. மழத்தண்ணி இல்ல, வெதுவெதுன்னு... பூட்டிக் கெடந்த வீடு அது. மோந்து பாத்தேன். பால் வாசன. கைக்கொழந்த வாயில வருமே... அந்த வாசன.”