ரப்பருக்கு முன் ஒரு டீ

ஷமீம் இறந்த செய்தி எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஓவியக் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தது. அதற்கு மேலே, இந்த வாரம் எங்கே உட்கார்ந்து வரையலாம் என்று அவரே கேட்டிருந்தார். எங்களில் யாரும் பதில் எழுதியிருக்கவில்லை.

உங்களில் பலருக்கு அவர் மருந்துக்கடைக்கார அம்மா. எனக்குப் பக்கத்து ஸ்டூல். இருவரும் நாற்பதைத் தாண்டித்தான் வரையக் கற்றுக்கொள்ள வந்தோம். பென்சிலில் வரைய எனக்கு வந்துவிட்டது. அதன்மேல் மை போடத்தான் கை வரவில்லை. பென்சில் கோட்டை அழிக்கலாம், மையை அழிக்க முடியாது.

"என்னங்க இது, நிச்சயம் பண்ணி வச்சிட்டு கல்யாணத்தைத் தள்ளிக்கிட்டே போறீங்க?" என்றார் ஒருநாள்.

அந்த ரோஷத்தில், செங்கம் சாலை டீக்கடை வாசலில் உட்கார்ந்து, வரைந்து வைத்திருந்த மலைக்கு மை போட்டேன். முடித்த சந்தோஷத்தில், அடியிலிருந்த பென்சில் கோட்டை அழிக்க உடனே ரப்பரைத் தேய்த்தேன். காயாத மை மலை முழுக்க இழுபட்டது. ஷமீம் எட்டிப் பார்த்தார்.

"விடுங்க, மலையில மழை பெய்யுது. நம்ம ஊர்ல அதுதான் கம்மி."

இரண்டு டீ சொன்னார். "மை போட்டா டீ குடிக்கணும். குடிச்சப்புறம்தான் ரப்பரைத் தொடணும்."

அன்றிலிருந்து குழுவில் அதுவே வழக்கமானது. ஆனால் யார் படத்தையும் அவர் லேசில் பாராட்டியதில்லை. "நல்லாருக்குன்னு சொல்லிட்டா அடுத்த வாரம் வரமாட்டீங்க" என்பார். எனக்கு அது சில நாள் எரிச்சலாகவும் இருந்திருக்கிறது.

போன வாரம் அவருடைய கணவர் ஒரு படத்தைக் கொண்டுவந்தார். கடைக்குள்ளிருந்து தெரியும் தெரு. ஷமீம் பென்சிலில் முடித்திருந்தார், மை போடவில்லை.

"நீங்களே போட்டுடுங்க மேடம். பென்சில்னா அழிஞ்சிடும். இதுதான் கடைசியா வரைஞ்சது."

கெடுத்துவிட்டால் இன்னொன்று கிடையாது. சில நாள் மேசையிலேயே வைத்திருந்தேன். பிறகு மை போட்டேன். எதிர்க்கடைப் பலகை ஓர் இடத்தில் கோணிவிட்டது. மற்றபடி தெரு நின்றது. டீ போட்டுக் குடித்தேன். மை காய்ந்திருந்தது. ரப்பரை எடுத்தேன். அடியில் இருந்தது ஷமீமின் கோடு; வைத்துவிட்டேன்.

படத்தைக் கொடுத்தபோது அவர் உற்றுப் பார்த்தார். "பென்சில் கோடு அப்படியே இருக்கே, மேடம். அழிக்கலையா?"

"இன்னும் டீ குடிச்சு முடிக்கலைங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். படம் இப்போது கடையில் மாட்டியிருக்கிறது. ஷமீமிடமிருந்து நான் வைத்துக்கொண்டது மை காயும்வரை காத்திருப்பதைத்தான். இந்த ஒரு படத்துக்கு அந்தக் காத்திருப்பு முடியவேண்டியதில்லை.