நடந்து உள்ளே போனவர்கள்

எங்கள் பெரியப்பாவை நெம்மேலியிலிருந்து செங்கல்பட்டுக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோய், ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குள் எடுத்துப் போனார்கள். அவர் திரும்பவில்லை. அந்த வாசலில் நின்றே என் அப்பா முடிவு கட்டிவிட்டார்: "படுத்துகினு உள்ள போனா அவ்ளோதான். நடந்து போனா பொழைச்சிக்கலாம்." ஒரே ஒரு சாவு, அதிலிருந்து ஊருக்கே சட்டம்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. அத்தை மகள் ஸ்ட்ரெச்சரில் போய்க் குழந்தையோடு வந்தாளே என்று கேட்டேன். "பிரசவம் அதுல சேராது" என்றார். எதிர்வீட்டுக்காரர் பைக்கிலிருந்து விழுந்து, படுத்துத்தானே போனார்? "காலு ஒடஞ்சவன் எப்டி நடப்பான்? அது வேற." நான் யாரைக் காட்டினாலும் அவருக்கு ஒரு விலக்கு கொடுப்பார், சட்டத்தை மட்டும் விடமாட்டார். சக்கர நாற்காலியும் படுத்த கணக்குதான் என்று இடையில் சேர்த்துக்கொண்டார். எனக்கு அப்போது சிரிப்பாக இருந்தது.

அப்புறம் அப்பாவுக்கே நெஞ்சு வலி வந்தது. சட்டை நனைய வியர்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேதான் உள்ளே போனார். இந்த வலியோடு ஓர் அடிகூட நடக்கக் கூடாது என்று டாக்டர் என்னைப் பிடித்துத் திட்டினார். ஆனால் அப்பா பிழைத்துக்கொண்டார். அதன் பிறகு வீட்டில் அவரோடு யார் பேச முடியும்? அம்மாவே அவர் பக்கம் சேர்ந்துவிட்டாள்.

போன வருஷம் ஒரு காலையில், மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோவில் அப்பா மறுபக்கம் உட்கார்ந்திருக்க, திருக்கழுக்குன்றம் தாண்டியும் என் கையை அவள் விடவில்லை. அவள் கை சில்லென்று இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"வேணாம்டி" என்றாள் அம்மா. "ஒங்கப்பா நடந்துதான போனாரு."

உட்காரும்மா என்று நான் அதட்டியிருக்க வேண்டும். ஆனால் நான் உட்கார வைத்து ஏதாவது ஆகிவிட்டால்? அத்தனை காலம் அப்பாவைக் கிண்டல் செய்த நான், அந்த நாற்காலியைத் தொடவே பயந்து நின்றேன். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தாள். உதடு வெளுத்திருந்தது.

ஆட்டோவின் மறுபக்கமாக இறங்கி வந்த அப்பா அவள் முகத்தைப் பார்த்தார்.

"உக்காரு" என்றார்.

"நீங்கதான சொன்னீங்க..."

"அது ஆம்பளைங்களுக்கு. பொம்பளைங்களுக்கு அதெல்லாம் கெடையாது." அப்படி ஒரு விலக்கை அதற்கு முன் அவர் சொன்னதே இல்லை.

அம்மா நம்பி உட்கார்ந்தாள். அப்பாவே தள்ளிக்கொண்டு போனார். உள்ளே அவளை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் வெளியே நின்றோம். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"நெஞ்சு வலின்னு உக்காந்துகினு உள்ள போயி, திரும்பி வந்தவங்க யார்னா உனுக்குத் தெரியுமா? ஒருத்தர் இருந்தாக்கூட சொல்லு."